பனிக்காலத்தில் சிம்பன்சிகள்: திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சனிக்கிழமைகளில் அங்கே இயற்கை மன்றத்துக்குப் போய்வருகிறேன். போன கார்த்திகையில் அடைமழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், அறிவிப்புப் பலகையில் ஒரு படம் ஒட்டினேன். பனி கொட்டும் நாட்டில், ஒரு சிம்பன்சிச் சரணாலயத்தில் எடுத்தது. தரையெல்லாம் வெண்பனி. நடுவே ஒரு சிம்பன்சி இரண்டு காலில் நின்றுகொண்டு, கையில் எதையோ வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகள் விடவில்லை. பிள்ளைகள் வீட்டில் சொல்ல, அப்பா அம்மாவும், சத்துணவுக்கூடத்து அக்காவும், எதிர்வீட்டு மிராசுதார் ஐயாவும்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சரணாலயம்னா நம்ம கோடியக்கரை மாதிரியா சார்?

இல்லை. கோடியக்கரையில் வெளிமானும் மட்டக்குதிரையும் தம் போக்கில் மேய்கின்றன. வேளைக்குச் சோறு வைக்க ஆள் கிடையாது. அது அவற்றின் வீடு, நாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். சிம்பன்சிச் சரணாலயம் என்பது கோசாலைக்கு நெருக்கமான இடம். மனிதரிடம் சிக்கி அவதிப்பட்டவற்றை வாங்கிவந்து, சாகும்வரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். உயிரியல் பூங்கா போலத் தினமும் கூட்டம் கூட்டிக் காட்டுவதில்லை. குட்டி போட விடுவதில்லை, விற்பதில்லை, ஊசி போட்டுச் சோதனை செய்வதில்லை.

ஆப்பிரிக்கக் காட்டு உயிர், பனி கொட்டுற ஊருக்கு எப்படிப் போச்சு?

தானாகப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் விண்வெளிச் சோதனைகளுக்காகக் குட்டிச் சிம்பன்சிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டன. 1961 ஜனவரி 31 அன்று, மனிதர் யாரும் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே, ஹாம் என்ற சிம்பன்சியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். அது உயிரோடு திரும்பி வந்தது. பிற்பாடு மஞ்சள்காமாலைத் தடுப்பூசிக்கும், 1980களில் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் நூற்றுக்கணக்கில் பயன்படுத்தினார்கள், ஆய்வகத்திலேயே இனப்பெருக்கமும் செய்தார்கள். எய்ட்ஸ் கிருமியைச் செலுத்தினாலும் சிம்பன்சிக்குப் பெரும்பாலும் அந்த நோய் முற்றி வரவில்லை. ஆராய்ச்சிக்கு உதவாது என்றானபின் அவை ஆண்டுக்கணக்கில் கூண்டிலேயே கிடந்தன.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: ஆராய்ச்சி முடிந்த சிம்பன்சிகளைக் கொல்லாமல் சரணாலயத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்று. 2015ல் அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் சிம்பன்சிகளின் மேல் மருத்துவச் சோதனை செய்வதை முற்றாகக் கைவிட்டன. வெளியே வந்தவற்றுக்கு எங்கெங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. லூசியானாவின் சிம்ப் ஹேவன், ஃபுளோரிடாவின் சேவ் த சிம்ப்ஸ் என்ற சரணாலயங்கள் இருப்பது வெப்பமான ஊர்களில். ஆனால் கனடாவில் மாண்ட்ரியலுக்கு அருகே உள்ள ஃபானா அறக்கட்டளைக்கு 1997ல் நியூயார்க் ஆய்வகம் ஒன்றிலிருந்து 15 சிம்பன்சிகள் வந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் மலையோரம் கிளே எலம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு சரணாலயத்துக்கு 2008ல் 7 வந்தன. இந்த இரண்டும் நல்ல பனி ஊர்கள். மனமிருந்து நிலம் கொடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

திரும்ப ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவைக்கலாமே?

எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனால் அது கருணை ஆகாது. சிம்பன்சிக் குட்டி நாலைந்து வயதுவரை தாய்ப்பால் குடிக்கும், அதற்கு மேலும் சில ஆண்டுகள் தாயை விட்டு விலகாது. எந்தப் பழம் நல்லது, எந்த மரத்தில் படுக்கலாம், யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் தாயைப் பார்த்துப் படிப்பது. கூண்டில் பிறந்ததற்கு அந்தப் படிப்பே இல்லை. சிலவற்றின் உடம்பில் ஆய்வகத்தில் ஏற்றிய கிருமி இருக்கிறது. காட்டில் ஏற்கெனவே வாழும் கூட்டமும் அந்நியரை எளிதில் சேர்த்துக்கொள்ளாது. ஆண் சிம்பன்சிகள் எல்லையைக் காவல் காக்கும், வேற்று ஆள் வந்தால் கொன்றேவிடுவதும் உண்டு.

அங்கே எவ்வளவு குளிரும்? நம்ம மார்கழி மாதிரியா?

நம் மார்கழி விடியலில் கோலம் போட வரும் பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிற குளிர், ஏறக்குறைய 21 டிகிரி. மாண்ட்ரியலில் ஜனவரி மாதத்துச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே 9, 10 டிகிரி. நாம் பனி என்று சொல்வது புல்நுனியில் நிற்கும் ஈரம். அங்கே பனி வானத்திலிருந்து பஞ்சாகக் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டிவிடும்.

குளிரைச் சொல்கிறவர்கள் இருட்டை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கிறது. மாண்ட்ரியலில் டிசம்பர் கடைசியில் எட்டே முக்கால் மணி நேரம்கூடத் தேறாது, மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சிம்பன்சியின் காடுகள் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. அங்கே வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு, இரவு பன்னிரண்டு. அந்தக் கணக்குக்குப் பழகிய உடம்புக்குப் பதினைந்து மணி நேர இரவு என்பது பெரிய விஷயம்.

அதுதான் உடம்பெல்லாம் ரோமம் இருக்கே, குளிருமா?

குளிரும். ஜப்பானில் பனியில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் குளிர்காலத்தில் ரோமம் அடர்த்தியாக வளரும். சிம்பன்சியின் ரோமம் முரடாக, இடைவெளி விட்டு இருக்கும், அடியில் கம்பளி போன்ற பகுதி கிடையாது. முகம், காது, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் வெறும் தோல். வயதானால் தலையும் முதுகும் வழுக்கை விழும். கடுங்குளிரில் விரலும் காதும் உறைந்து புண்ணாகும் ஆபத்து உண்டு. அதிலும், முட்டி வலி வந்த கிழங்களுக்குக் குளிர் என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பாட்டியைக் கேட்டாலே தெரியும்.

(ஒரு திருத்தம். சிம்பன்சியைக் குரங்கு என்றே பலர் சொல்கிறார்கள். கோயில் மதிலில் ஓடுகிற நாட்டுக்குரங்குக்கு நீள வால், சிம்பன்சிக்கு வாலே கிடையாது. வாலில்லாக் குரங்கினம் தனிக் குடும்பம், அதில்தான் நாமும் சேர்த்தி.)

ராத்திரி எங்கே படுக்கும்? வைக்கோல் போடுவாங்களா?

இதைக் கேட்டவர் சத்துணவுக்கூடத்து அக்கா. அடைமழையில் கொட்டிலில் மாட்டுக்கு வைக்கோல் பரப்பி, முதுகில் சாக்கைப் போட்டு, கொசுவுக்கு மூட்டம் போட்டவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

காட்டில் ஒவ்வொரு சிம்பன்சியும் அந்தியில் மரத்தின் மேல் கிளைகளை மடக்கிப் பின்னி, இலைக்கொத்துகளை மேலே பரப்பிப் படுக்கை போட்டுக்கொள்ளும். சில நிமிஷத்தில் முடியும் வேலை. நேற்றுப் போட்டதில் பெரும்பாலும் இன்று படுக்காது, புதிதாகப் போட்டுக்கொள்ளும். பால்குடி மறக்காத குட்டி மட்டும் தாயோடு படுக்கும், பகலில் சின்னதாய்ப் படுக்கை பின்னி விளையாடியே வித்தையைக் கற்றுக்கொள்ளும்.

சரணாலயத்தில் இதற்காகவே கட்டிடம் இருக்கிறது. சூடேற்றிய அறைகள், உயரத்தில் மேடைகள், தீயணைப்புக் குழாய்த் துணியால் பின்னிய தூளிகள். மாலையில் போர்வைகளும் வைக்கோலும் காகிதமும் குவித்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மீதி அவற்றின் வேலை. போர்வையை உதறி, வட்டமாகச் சுருட்டி, நடுவில் குழி பண்ணி, ஓரத்தை உள்ளே மடக்கி உட்காரும். திருப்தியில்லை என்றால் எழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வாழ்நாளில் ஒரு மரத்தில்கூட ஏறாத கிழவியும் அந்தி வந்தால் படுக்கை போட முயல்கிறாள். சின்ன வயதில் தாயைப் பார்த்துக் கற்காதது நேர்த்தியாகப் பின்னாது, ஆனாலும் கையில் கிடைத்ததை இழுத்து உடம்பைச் சுற்றி வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அதுவும் கிடைக்காமல், கம்பித் தளத்தில் வெறுமனே படுத்திருந்தவை அவை.

வைக்கோல் என்றால் காய்ந்ததாக, தூசியில்லாததாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் மாட்டுக்கே ஆகாது. சிம்பன்சிக்குக் கழுத்துப் பகுதியில் காற்றுப்பை இருக்கிறது, அதில் கிருமி தொற்றினால் குணமாக்குவது பெரும்பாடு.

பனியில் வெளியே விடுவாங்களா, பூட்டி வைப்பாங்களா?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். நல்ல சரணாலயத்தில் நாள் சரியாக இருந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். போவதும் போகாததும் அதனதன் இஷ்டம். ஒன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். ஒன்று போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். சாதாரணமாகச் சிம்பன்சி முன்கை விரல் முட்டிகளைத் தரையில் ஊன்றித்தான் நடக்கும். பனியில் கை சில்லிடுவதால் சில எழுந்து இரண்டு காலில் நடக்கின்றன. படத்தில் அது நிமிர்ந்து நின்ற காரணம் அதுவாக இருக்கலாம்.

எப்போது வேண்டுமானாலும் உள்ளே ஓடிவர ஒரு கதவு திறந்தே இருக்கும், உள்ளே சூடும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் வெளியே காலெடுத்து வைக்கிறது. உயிர் உறையும் குளிரிலும் பனிப்புயலிலும் வெளிக்கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு இடைப்பட்ட இடமாக, ஒளி புகும் சுவர் போட்ட கூடங்கள் சில சரணாலயங்களில் உண்டு. வெயில் உள்ளே விழும், காற்று அடிக்காது.

ஆய்வகச் சட்டம் அந்த நாட்டில் வளர்ந்த சிம்பன்சி ஒன்றுக்குக் குறைந்தபட்சமாக விதித்த தரை 25 சதுர அடி, உயரம் 7 அடி. பிள்ளைகளைக் கூப்பிட்டு வகுப்பில் சாக்பீஸால் ஐந்தடிக்கு ஐந்தடி கோடு போட்டு உட்கார வைத்தேன். பத்து நிமிஷத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது, நாற்பது வருஷம் அப்படி இருந்த உயிருக்கு, கதவருகே நின்று 'போகட்டுமா, வேண்டாமா' என்று தானே முடிவெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாள் முழுக்க உள்ளேயே கிடந்தால் பொழுது போகுமா?

ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் ஊற்றும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதல் நாள் பல்லாங்குழி, தாயக்கட்டை. இரண்டாம் நாள் சண்டை. மூன்றாம் நாள் யார் முகத்திலும் சிரிப்பில்லை. சிம்பன்சிக்கு அந்த அடைப்பு மாதக்கணக்கில். சரணாலயத்துக்குப் பனிக்காலத்தில் உண்மையான கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். குளிருக்கு ஹீட்டர் போதும். சலிப்புக்குத் தினமும் மூளையைக் கசக்க வேண்டும்.

காட்டில் விழித்திருக்கும் நேரத்தில் பாதி, தீனி தேடித் தின்பதிலேயே போகிறது. ஆகவே தீனியைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்துவிட்டால் மீதிப் பொழுது பாழ். அதனால் ஒளித்து வைக்கிறார்கள். காகிதக் குழலில் நிலக்கடலையும் உலர்திராட்சையும் திணித்து இரண்டு பக்கமும் காகிதத்தால் அடைப்பது, வைக்கோலுக்குள் விதைகளைத் தூவுவது, துளை போட்ட பலகைக்குப் பின்னால் பழத்துண்டு வைத்து விரலால் தள்ளித் தள்ளி வெளியே எடுக்கவிடுவது. செயற்கைக் கறையான் புற்றும் உண்டு. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960ல் தான்சானியாவின் கோம்பேயில், ஒரு சிம்பன்சி புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையானை இழுத்துத் தின்றதைக் கண்டார். கருவி செய்வது மனிதர் மட்டுமே என்ற எண்ணம் அதோடு உடைந்தது. சரணாலயத்தில் அந்தப் புற்றின் துளைகளுக்குள் கறையானுக்குப் பதில் தேனோ பழக்கூழோ இருக்கும். குச்சியை ஒடித்து, இலையை உருவி, நுனியை மென்று பதப்படுத்தி உள்ளே விடுகின்றன. நீண்ட இரவுக்கும் இப்படிச் சிலவற்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் பணியாளர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

இதெல்லாம் இல்லாவிட்டால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பது, தன் ரோமத்தைத் தானே பிடுங்குவது. ஆய்வகத்திலிருந்து வந்தவை பலவற்றுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு.

பொம்மையையும் புதிரையும்விடப் பெரிய மருந்து கூட்டாளிதான். ஒன்றுக்கொன்று ரோமம் கோதிவிடுவதில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஈறு பேன் எடுக்கிறது என்று நாம் சொல்வது அதைத்தான். அது சுத்தம் மட்டுமில்லை, சமாதானமும்கூட. சண்டை போட்ட இரண்டு, சற்று நேரம் கழித்துக் கையை நீட்டித் தொட்டு, கோதிக்கொண்டால் விவகாரம் முடிந்தது. ஆனால் சண்டையின்போது ஒதுங்க இடம் வேண்டும். அதனால்தான் உள்ளறைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வைக்கிறார்கள். ஒரே வாசல் என்றால் வலுத்தது அதில் உட்கார்ந்துவிடும்.

நம்ம தோட்டத்துப் பூவன் தார் நாலு அனுப்பலாமா?

மிராசுதார் ஐயாவின் கேள்வி இது. மனசுக்கு நன்றி. ஆனால் நாம் வளர்க்கும் வாழைப்பழத்தில் சர்க்கரை அதிகம், நார் குறைவு, காட்டுப் பழம் அப்படியில்லை. காட்டில் சிம்பன்சிக்கு மிகவும் வேண்டியது அத்தி வகைப் பழங்கள், நம் ஆலும் அரசும் சேர்ந்த குடும்பம். சரணாலயத்தில் இதற்கென்று தயாரித்த பிஸ்கட் போன்ற தீனி, கீரை, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, அளவோடு பழம். குளிர் நாளில் வெதுவெதுப்பான பானமும் உண்டு.

சளி பிடிக்குமா?

பிடிக்கும், பெரும்பாலும் நம்மிடமிருந்து. நமக்கு மூக்கொழுகலாக வந்துபோகும் கிருமி அவற்றுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம். 2013ல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சி இருந்த ஒரு கூட்டத்தில் 5 இறந்தன. காரணம், மனிதருக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோ வைரஸ் வகை ஒன்று. அது திறந்த காடு. பனிக்காலத்தில் சன்னல் சாத்திய கட்டிடத்துக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் தும்மல் உள்ள பணியாளர் வேலைக்கு வரக்கூடாது, மற்றவர்களுக்கு முகக்கவசம், கையுறை.

வெயில் குறைவதால் வைட்டமின் டி மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அடைப்பில் வாழும் சிம்பன்சிகளை வயதான காலத்தில் அதிகம் கொல்வது இதயநோய். குளிர்காலத்தில் அசையாமல் படுத்திருந்தால் எடை கூடும் என்பதால், உத்தரத்தில் கயிறு கட்டி ஏற வைப்பதும் வைத்தியம்தான்.

கரண்ட் போயிட்டா?

கேட்டது எட்டாம் வகுப்புப் பெண். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது அவள் சிறுமி. எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து, கம்பங்கள் மடங்கி, வாரக்கணக்கில் இருட்டில் இருந்தோம். எங்கள் கொட்டில் கூரை பறந்து, கறவை மாடு இரண்டு நாள் நனைந்துகொண்டு நின்றது. பதினைந்து லிட்டர் தண்ணீர் இறைக்க ஜெனரேட்டர் வண்டியைத் தேடி ஓடியது அவளுக்கு நினைவிருக்கிறது.

பனி ஊரில் மின்சாரம் போனால் சூடு போய்விடும், குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். ஆகையால் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர், எரிபொருள் இருப்பு, சாலை மூடினாலும் தாங்கும் அளவு தீனி, பனியில் நடந்தாவது வந்துசேரப் பக்கத்திலேயே குடியிருக்கும் பணியாளர், எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். வேலியிலும் கண் வேண்டும். வேலியை ஒட்டிப் பனி குவிந்தால் பத்தடிச் சுவர் ஆறடி ஆகிவிடும். சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது, ஆகவே ஃபுளோரிடாவில் சுற்றிலும் தண்ணீர் உள்ள தீவுகளில் வேலி இல்லாமலே வைத்திருக்கிறார்கள். பனி ஊரில் அகழி வெட்டினால் உறைந்து பாலமாகிவிடும்.

தீயும் பயம். 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் உயிரியல் பூங்காவில், யாரோ பறக்கவிட்ட காகித விளக்கு விழுந்து வாலில்லாக் குரங்குகளின் வீடு எரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு சிம்பன்சிகள் மட்டும் காயத்தோடு பிழைத்தன. கார்த்திகை தீபத்துக்கும் தீபாவளிக்கும் கூரைவீடு உள்ள தெருவில் நாம் படும் பயம் அங்கேயும் உண்டு.

நம்ம ஊர் கதகதன்னுதானே இருக்கு. இங்கேயே வளர்க்கலாமே?

தட்பவெப்பம் ஒத்துவரும். சென்னைக்கு அருகே வண்டலூர் பூங்காவில் சிம்பன்சிகள் இருக்கின்றன, போனால் பார்க்கலாம். தனியார் வீட்டில் வளர்ப்பது வேறு. உலக நாடுகளின் வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தில் சிம்பன்சி முதல் பட்டியலில் இருக்கிறது, வியாபாரத்துக்கு வாங்கி விற்கக்கூடாது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிர்களைக் கணக்கில் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2019ல், கொல்கத்தாவில் கடத்தல் வழக்கு ஒன்றில் அமலாக்கத்துறை மூன்று சிம்பன்சிகளை முடக்கியது. காட்டில் ஒரு குட்டியைப் பிடிக்க வேண்டுமானால் பெரும்பாலும் தாயைச் சுட்டாக வேண்டும், காப்பாற்ற வரும் மற்றவற்றையும் சுடுவார்கள். சட்டை போட்டு, பால்புட்டி பிடித்துச் சிரிக்கும் குட்டியின் வீடியோ கைப்பேசிக்கு வந்தால் அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் 'சிரிப்பு', மேல்பல் கீழ்ப்பல் எல்லாம் தெரிய இளிப்பது, பல சமயம் பயம். விளையாட்டில் சிம்பன்சி மேல்பல் தெரியாமல் வாயைத் தளர்த்தித் திறந்துதான் சிரிக்கும்.

படத்தில் அது கையில் வைத்திருந்தது என்ன சார்?

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இதை மட்டும் நாலு சனிக்கிழமை கேட்டான். பனி. ஒரு கைப்பிடி அள்ளி உருட்டிக்கொண்டு உள்ளே போய், உயரத்து மேடையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். வெளியே வரமாட்டேன் என்கிற கிழங்களுக்குப் பணியாளர்களே வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். "ஐஸ் மாதிரியா?" என்றான். ஆமாம், கலர் இல்லாத குச்சி ஐஸ் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.